குறையில்லாத இடத்தில் ஓர் அம்புக்குறி

குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் இன்சார்ஜ். தைத்து முடித்த டி-ஷர்ட்டுகள் எங்கள் மேசைக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அம்பு விழுந்த துணி திருத்தத்துக்குப் போகும், திருத்த முடியாவிட்டால் ரிஜெக்ட். கோர்ட் தீர்ப்புக்காவது மேல்முறையீடு உண்டு, எங்கள் அம்புக்குக் கிடையாது.

இந்த வேலையை வருடக்கணக்கில் செய்தால், ஷிப்டு முடிந்தாலும் கண் மட்டும் ஓவர்டைம் பார்க்கும். கல்யாணத்துக்குப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் ஜாக்கெட்டின் கைத்தையலைப் பார்த்துவிடுவேன். சந்தையில் மூலனூர் முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்து ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தபோது, எக்ஸ்போர்ட்டுக்கா வாங்குகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் புதுச்சட்டை போட்டால் பின்வாசல் வழியாகத்தான் வெளியே போவார். மனிதருக்கு அனுபவம்.

இப்படி நிம்மதியாக இருந்தவளைத்தான் பிள்ளைகளுக்குக் காவல் வைத்தார்கள். எல்லாம் ஆடிட்டால் வந்த வினை.

ஆடிட் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் துணியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்பும். அந்த வாரம் எங்கள் கம்பெனியில் பாத்ரூமில் சோப்பு முளைக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து குடியேறும். குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீரே வரும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும். அடுத்த ஆடிட்டுக்கு அதே சோப்பு வரும். ஊரில் உற்சவர் வெளியே வருவதுகூட இவ்வளவு முறையாக நடக்காது.

இந்த முறை கிரெஷ் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். அம்மாக்கள் வேலை செய்கிற நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் ஆடிப்போய்விட்டார். சோப்பை வாங்கிவிடலாம், பிள்ளைகளை எந்தக் கடையில் வாங்குவது? கார்ட்டன் பெட்டி அடுக்கியிருந்த ரூமைக் காலி செய்து, சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரையச் சொன்னார். பொம்மைகள் வந்து இறங்கின. பாலித்தீன் கவரைப் பிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அடுத்த தடவைக்கும் வேண்டுமல்லவா. பிறகு தையல் லைனில் போய், பிள்ளை இருக்கிறவர்கள் நாளை மறுநாளிலிருந்து கூட்டி வாருங்கள் என்று அறிவித்தார். ஆயாவாக யாரை வைப்பது என்ற கேள்வி வந்தபோது, போன வாரம்தான் ஷிப்மெண்ட் முடிந்து செக்கிங்கில் வேலை குறைவு என்று யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள்.

"உங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்திங்க, அதான்" என்றார் மேனேஜர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் பிள்ளைகளையே பள்ளிக்கூடத்து வேனில் ஏற்றிவிட்டால் போதுமடா சாமி என்று வளர்த்தவள் நான். ஆடிட் முடிகிற வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஆறேழு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். எனக்கு இந்தியில் 'ஜல்தி' மட்டும்தான் தெரியும். மற்றவர்களில் ஒருத்தி, நாலு வயதிருக்கும், ராமநாதபுரத்துப் பக்கத்துப் பெண். அவள் அம்மா எங்கள் லைனில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். பிள்ளையை ஊரில் தாய்வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து தைத்துக்கொண்டிருந்தவள், கிரெஷ் என்றதும் அன்று ராத்திரியே பஸ் ஏறிப் போய் அழைத்து வந்துவிட்டாள். கதவருகில் நின்று, பிள்ளையின் கையை விடாமல் என்னிடம் சொன்னாள்: "இந்த ரூம் இருந்தா எங்கூடவே வச்சுக்கிருவேன்க்கா. இல்லைன்னா மறுபடி ஊருக்குத்தான் அனுப்பணும். வேற வழியில்ல."

எத்தனை நாளைக்கு இந்த ரூம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். போய் மிஷினில் உட்காரு, நேரமாச்சு என்று விரட்டினேன்.

பிள்ளைகள் கவருக்குள் இருந்த பொம்மைகளைக் கொஞ்ச நேரம் வெளியிலிருந்து தடவிப் பார்த்தார்கள். பிறகு அவற்றை மறந்துவிட்டு, மூலையில் கிடந்த துண்டுத் துணி மூட்டையைப் பிரித்தார்கள். கட்டிங்கில் விழுகிற வேஸ்ட். அந்த நாலு வயதுப் பெண் நீளமான ஒரு கீற்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். ஓரம் சுருண்டு, துணி குழாயாகிவிட்டது. பனியன் துணி அப்படித்தான் செய்யும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். மறுபடி விரித்துவிட்டு இழுத்தாள். மறுபடி சுருண்டது.

"யாரு சுருட்டுறா?" என்று என்னைக் கேட்டாள்.

"யாரும் சுருட்டலை கண்ணு. பனியன் துணின்னா அப்படித்தான் சுருளும்."

"அப்படித்தான் சுருளணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நல்லா இருக்கே கதை என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை வருடமாக இந்தச் சுருளுடன் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஓரம் சுருண்டால் தைக்க முடியாது, டெய்லர் திட்டுவாள், நான் கட்டிங் மாஸ்டரைத் திட்டுவேன். ஏன் சுருள்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மதியம் கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன். அது ஜெர்சி துணிங்க என்றார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தபடி. டெக்ஸ்டைல் படித்த புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்டேன். சுருளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று நீளமாக விளக்கினார். அதில்லை, ஏன் சுருள்கிறது என்றேன். வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு, கைப்பையில் கிடந்த ஒரு கீற்றை எடுத்து இழுத்துப் பார்த்தேன். சுருண்டது. திரும்ப இழுத்தேன். என்னமோ நன்றாகத்தான் இருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வீட்டுக்காரர் வந்து பாலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், துணியெடுத்துத் துடைத்தார். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்.

அம்பு விவகாரம் மறுநாள் ஆரம்பித்தது. என் ஏப்ரன் பையில் ஸ்டிக்கர் ரோல் எப்போதும் இருக்கும். அந்தப் பெண் கைவிட்டு அதை எடுத்து, இது எதுக்குப் பெரியம்மா என்றாள். தப்பு இருக்கிற இடத்தில் ஒட்டுவது, ஒட்டினால்தான் எல்லோரும் அந்த இடத்தைப் பார்ப்பார்கள் என்றேன். அவள் அதில் முதல் பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

சுவர் மூலையில் எறும்புகள் போய்வருகிற துளைக்குப் பக்கத்தில் முதல் அம்பு விழுந்தது. "வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போய்த் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார்கள். இந்திக்காரப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, அம்பு போதுமானதாக இருந்தது. அடுத்து, சுவரில் ஈரம் கசிந்து ஊறிய இடம். அது ஒரு மாடு படுத்திருப்பது போல இருக்கிறதாம். நான் உற்றுப் பார்த்தேன், காங்கேயம் காளையேதான், திமில் உட்பட. அடுத்து, ஆடிக்கொண்டே நிற்கிற ஒரு நாற்காலி. அடுத்து என் முகவாய். அங்கே எனக்கு ஒரு மச்சம் உண்டு.

அந்த அம்போடு செக்கிங் ஹாலுக்கு டீ குடிக்கப் போய்விட்டேன், மறந்து. அத்தனை பெண்களில் ஒருத்திக்காவது வாயைத் திறக்கத் தைரியம் வர வேண்டுமே. எல்லோரும் மும்முரமாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்கும் இல்லாத சிரத்தை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே திரும்பி வந்தேன்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதற்கு விட்டு, மாட்டாமலே போன ஓர் ஓட்டை அந்த ரூமின் சுவரில் இருந்தது. காலையில் அது வழியாக வெயில் ஒரு வட்டமாகத் தரையில் விழும். அவள் அதற்கும் அம்பு ஒட்டினாள். கொஞ்ச நேரத்தில் வெயில் நகர்ந்துவிட்டது, அம்பு மட்டும் தனியாக நின்றது. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. நகர்ந்த இடத்தில் இன்னொன்று ஒட்டினாள். வெயில் மறுபடி நகர்ந்தது. அப்புறம் புரிந்துவிட்டது, வெயிலைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள். தரை முழுக்க வரிசையாக அம்புகள். இதென்ன வீண் செலவு, ஸ்டிக்கர் என்ன சும்மாவா வருகிறது என்று எழுந்த நான், அடுத்த அம்பு எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. வெயில் நகர்வதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வயதா எனக்கு என்று வெட்கமாகவும் இருந்தது. யாரும் வருகிறார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாக்காரி அழைக்க வரும்போது பிள்ளை அவளை ஒவ்வோர் அம்பாக இழுத்துப் போவாள். அவள் நின்று பார்க்க நேரமில்லாமல், "அப்புறம் பாக்கலாம் தங்கம், கடை சாத்திருவாங்க" என்று தூக்கிக்கொண்டு ஓடுவாள். பாவம், பார்க்க ஆசையில்லாமல் இல்லை.

ஆடிட்டுக்கு முந்தின நாள், பிள்ளைகள் போன பிறகு ஹெச்.ஆர். மேனேஜர் ரூமைப் பார்வையிட வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரில் அம்பு, தரையில் அம்பு, நாற்காலியில் அம்பு. திருப்பூரில் பிறந்து வளர்ந்தவர் சிவப்பு அம்பைப் பார்த்தால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

"இவ்வளவு டிஃபெக்ட்டாங்க?" என்றார். "நல்லவேளைங்க, இன்னைக்கே மார்க் பண்ணி வச்சீங்க."

இல்லைங்க, அது பிள்ளைகள் ஒட்டியது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மெயின்டெனன்ஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். எறும்புத் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். காளைமாட்டின் மேல் இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தரையில் வரிசையாக இருந்த அம்புகளிடம் வந்ததும்தான் குழம்பினார்கள். என்னங்கக்கா டிஃபெக்ட் இங்கே என்று என்னையே கேட்டார்கள். சர்வீஸில் முதல் தடவையாக, அம்பு இருக்கிற இடத்தில் என்ன குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெயில் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். அம்பு விழுந்துவிட்டால் திருத்தாமல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

காலையில் அந்தப் பெண் வந்து மூலையில் குந்தி, சிமெண்டைத் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை, தேடினாள். கதவு நிலைக்குப் பக்கத்தில் எறும்புகள் வேறொரு வழி போட்டிருந்தன. "வீட்டை மாத்திருச்சு" என்று சொல்லிவிட்டு என் ஏப்ரன் பையில் கை விட்டாள். தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ஆகவே ஆடிட்டர் மேடம் உள்ளே நுழைந்தபோது ரூம் நிறைய புத்தம்புது அம்புகள். பெங்களூரிலிருந்து வந்தவர், கையில் டேப்லெட், முகத்தில் தூக்கம். மேனேஜரின் முகத்தில் ரத்தம் இல்லை. இதெல்லாம் என்ன என்று அந்த அம்மா கேட்டார். மேனேஜர் பக்கத்துச் சுவரிலிருந்த ஓர் அம்பை நகத்தால் சுரண்டப் பார்த்தார். அதற்குள் அந்தப் பெண் மேடத்தின் விரலைப் பிடித்துக் கதவு நிலைக்கு இழுத்துப் போனாள். அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்தார். ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய சர்க்கரைத் துணுக்கை இழுத்துக்கொண்டு போனது. கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஆடிட் வந்தவர் எங்கள் கம்பெனியில் ஒன்றை அவ்வளவு நேரம் பார்த்தது அது மட்டும்தான்.

"விஷுவல் லேர்னிங் மெத்தடா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம்" என்றார் மேனேஜர். "விஷுவல் லேர்னிங் தானுங்க. நாங்க ஆரம்பத்துல இருந்தே அதுதானுங்க."

திங்கட்கிழமை மீட்டிங். ரிப்போர்ட்டில் கிரெஷ்ஷைத்தான் புகழ்ந்திருக்கிறார்களாம். துணி வாங்குகிற பையர் கம்பெனி ஆட்களே நேரில் பார்க்க வருவார்களாம், எப்போது என்று சொல்ல மாட்டார்களாம். அதனால் ரூமை இனி மூட முடியாது, நிரந்தரமாக ஓர் ஆயா போட முதலாளி உத்தரவு. மேனேஜருக்கு மாலை போடாத குறை. அவரும் சும்மா இருக்கவில்லை. பெரிய சைஸில் லேமினேட் செய்த அம்புகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அவற்றை எங்கெங்கே ஆணி அடித்து மாட்ட வேண்டும் என்று வரைபடமும் போட்டிருந்தார். பிள்ளைகள் தொடாத உயரத்தில்.

எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ரூம் இருக்கும், அது போதும். மீட்டிங் முடிந்ததும் லைனுக்கு ஓடினேன், அந்த அம்மாக்காரியிடம் சொல்ல. அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கால் பெடலில் நின்றுவிட்டது.

"ஆடிட் முடிஞ்சிருச்சுல்லக்கா" என்றாள். "நேத்து எங்கண்ணன் ஊருக்குப் போனான். அவங்கூட அனுப்பி விட்டுட்டேன்."

ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கத்த வாய் வரை வந்தது. எந்த வாயால் கத்துவது? இந்தக் கம்பெனியில் ஆடிட்டுக்கு வந்த எது மறுநாள் இருந்திருக்கிறது, அவள் நம்புவதற்கு? அவள் புத்திசாலித்தனமாகத்தான் செய்திருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டாள். இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தாள். பிள்ளை எடுத்ததும் அழும், சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் தயாராக இருந்தோம்.

"அம்மா, முட்டைக்குள்ள சத்தம் வருது" என்றது அந்தப் பக்கம், மூச்சு வாங்க. "கோழி எந்திரிச்சுப் போயிருச்சு, நான் காதை வச்சுக் கேட்டேன். உள்ள கீச்சு கீச்சுங்குது. இப்ப ஒரு ஓட்டை விழுந்திருக்கு. மூக்கு தெரியுது. நீ எப்ப வந்து பாப்ப?"

அப்புறம் பாக்கலாம் தங்கம் என்று அவள் சொல்வதற்காக நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா, எப்ப வருவ?"

"இந்தா கிளம்பிட்டேன்" என்றாள்.

டப்பாவை மூடிக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். எனக்கென்று வாய்த்த புத்தி சும்மா இருக்குமா, நீ போய்ச் சேர ராத்திரியாகிவிடுமே, அதற்குள் குஞ்சு வெளியே வந்திருக்குமே என்றேன்.

"அடுத்த முட்டை இருக்கும்லக்கா" என்றாள் நடந்துகொண்டே. "பாத்துட்டு, காலையில அவளைத் தூக்கிட்டு வந்துர்றேன்."

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். வேலை நேரத்தில் வெளியே போகிறவர்கள் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல், சாவு, சீர், இவற்றில் ஒன்றைச் சொன்னால்தான் கேட் திறக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரே தாத்தா வருடா வருடம் செத்துக்கொண்டிருப்பார், வாட்ச்மேனும் வருடா வருடம் துக்கம் விசாரிப்பார்.

"என்ன காரணம் அம்மணி?" என்றார்.

"கோழிக்குஞ்சு பாக்கப் போறேன்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, பெரிய மனுஷி கூடவே நிற்கிறாளே, இந்தப் பிள்ளைக்கு ஒரு பொய் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்பது போல என்னைப் பார்த்தார்.

"தெறந்து உடுங்க" என்றேன். "குஞ்சு அது பாட்டுக்கு வெளியே வந்துரும்."